சுவருக்கு வரும் பணம் சோற்றுக்கு வருமா?

நோயாளியின் குடும்பத்துக்கு இலவசத் தங்குமிடம்: விரிவாக்க நிதியில் யாரும் போடாத கணக்கு

கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், போய்ப் படுக்கிறார், இயந்திரம் சுற்றி வந்து நிற்கிறது, எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறார். நாளைக்கும் இதே நேரம். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரமோ ஆறு வாரமோ, சிலருக்கு ஏழு வாரமோ. மருத்துவமனைக் கணக்கில் இவர் வெளிநோயாளி. வார்டில் படுக்கை கிடையாது, வேண்டியதும் இல்லை. ஆள் சென்னைக்காரர் என்றால் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து வந்தவர் மிச்சமுள்ள இருபத்துமூன்றே முக்கால் மணி நேரத்தை எங்கே கழிப்பார்?

இதற்குப் பதில் சொல்ல மருத்துவமனையில் தனிப் பிரிவு எதுவும் இல்லை. சமூகப் பணியாளர் ஒருவர் இருந்தால் நாலைந்து முகவரி எழுதிக் கொடுப்பார். அந்த முகவரிகளில் பாதி, இடம் நிரம்பிவிட்டது என்று கைவிரிக்கும்.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை தமிழ்நாடு எவ்வளவோ தூரம் வந்திருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆனால் அறுவைச் சிகிச்சைக்கும் ஊசி மருந்துக்கும் பணம் கட்டும் காப்பீட்டு அட்டை, கூட வந்த மனைவியின் இட்லிக்கும் பாய்க்கும் கட்டாது. ரயிலில் சலுகையோடு வந்து இறங்கியவர் ராத்திரி எங்கே படுத்தார் என்று ரயில்வே கேட்காது.

எந்த ஊர் பெரியாஸ்பத்திரிக்கும் இரவு ஒன்பது மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பெண்கள் வார்டில் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். அம்மாவுக்கு மகள் உள்ளே துணையிருக்க, மருமகனும் மகனும் வெளியே. வாசல் நடைபாதையில், மரத்தடித் திண்டில், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு எதிரே உள்ள வராந்தாவில் லுங்கியைப் போர்த்திக்கொண்டு வரிசையாகப் படுத்திருப்பார்கள். தலைக்கு அடியில் ஸ்கேன் ஃபைல் உள்ள மஞ்சப்பை. அது காணாமல் போனால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கவேண்டும் என்ற பயம். மழை வந்தால் எழுந்து நிற்கவேண்டியதுதான்.

இதைப் பரிதாபக் காட்சியாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். மருத்துவக் காரணம் ஒன்றும் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் மிகவும் பரவலான வகைக்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டு நீளும். முதல் சில மாதங்கள் தீவிரமானவை. அப்போது வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்க்கும். காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது, உடனே மருத்துவமனைக்குள் இருந்தாக வேண்டும். அந்தக் குழந்தையை நடைபாதையில் படுக்கவைத்தால், உள்ளே ஏற்றிய மருந்து வெளியே வீணாகிறது. ஊருக்குக் கூட்டிப் போனாலோ, நடுராத்திரிக் காய்ச்சலுக்கு இருநூறு கிலோமீட்டர் வரவேண்டும். வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் அந்த எண்ணிக்கை குறைவதற்கு உள்ள காரணங்களில் ஒன்று, மருந்து வேலை செய்யாதது அல்ல; சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது.

ஏன் போகிறார்கள்? கணக்குப் போட்டாலே தெரியும். முப்பத்தைந்து தடவை கதிர்வீச்சு என்றால் ஏழு வாரம், சனி ஞாயிறு சேர்த்து 49 நாள். அறை வாடகை நாளுக்கு 300 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 14,700 ரூபாய். இருவருக்குச் சாப்பாடு தனி. அந்த ஏழு வாரமும் இரண்டு பேருக்கும் கூலி இல்லை. வீட்டில் விட்டு வந்த மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் யாரோ ஒருவரிடம் கடமைப்பட வேண்டும். மூன்றாவது வாரத்தில் கட்டி கொஞ்சம் சுருங்கி வலி விட்டதும், "போதும், ஊருக்குப் போயிடலாம்" என்று நோயாளியே சொல்லிவிடுகிறார். தன்னால் குடும்பம் கடன்படுகிறது என்ற குற்ற உணர்வு, வலி குறைந்த அன்றைக்குத்தான் தலைதூக்கும்.

வேலூரில் இது ஒரு பொருளாதாரமாகவே வளர்ந்திருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், கடுகெண்ணெய் விற்கும் மளிகைக் கடைகள், மீன் குழம்புச் சாப்பாட்டுக் கடைகள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜ் அறையிலேயே அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டு மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அந்த லாட்ஜ்கள் இல்லாவிட்டால் அவர்கள் கதி என்ன என்று நினைத்துப் பார்த்தால், லாட்ஜ்காரர்களைத் திட்ட மனம் வருவதில்லை. ஆனால் கையில் காசு தீர்ந்தவர்களுக்கு லாட்ஜ் உதவாது. அங்கேதான் இலவசத் தங்குமிடம் நடத்தும் அறக்கட்டளைகள் வருகின்றன. அவர்களிடமிருந்து நம் வீட்டுக்கு நன்கொடைக் கடிதங்கள் வருகின்றன. 'இன்னும் இருபது அறைகள் கட்ட உதவுங்கள்.'

பச்சைப் பாலில் கட்டிய வீடு

இப்படி நிதி திரட்டியதில் உலகப் புகழ் பெற்ற கதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. ஃப்ரெட் ஹில் அந்த ஊரின் 'ஈகிள்ஸ்' அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். அவருடைய மூன்று வயது மகள் கிம்முக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனையில் மற்றப் பெற்றோர்கள் நாற்காலியிலேயே தூங்குவதையும், காசு போட்டால் தின்பண்டம் தரும் இயந்திரத்தை நம்பிச் சாப்பிடுவதையும் ஹில் தம்பதி பார்த்தார்கள். அணியின் மேலாளர் ஜிம் மர்ரி நிதி திரட்டிக்கொண்டு, குழந்தைகள் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர் ஆட்ரி எவன்ஸிடம் போனார். எவன்ஸ் இங்கிலாந்தில் பிறந்தவர். குழந்தைகளின் நரம்புத் திசுக்களில் வரும் ஒரு புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வகுக்கும் முறைக்கே அவர் பெயர் உண்டு. கருவி வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கலாம். அவற்றோடு நிற்காமல், பெற்றோர் தங்க ஒரு வீடு வேண்டும் என்றார்.

மர்ரி ஒரு விளம்பரக்காரர் மூலம் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் அந்தப் பகுதி மேலாளரைப் பிடித்தார். மார்ச் மாதத்தில் புனித பேட்ரிக் திருநாளை ஒட்டிக் கடைகளில் 'ஷாம்ராக் ஷேக்' என்று பச்சை நிறப் பால் பானம் விற்பார்கள். ஈகிள்ஸ் அணியின் நிறமும் பச்சை. அந்தப் பானத்தின் விற்பனையிலிருந்து பணம் தருகிறோம் என்றார்கள். ஆனால் வீட்டுக்கு எங்கள் விளம்பரக் கோமாளியின் பெயர் வைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 1974 அக்டோபரில் 'ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம்' திறந்தது. இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இதன் கிளைகள் இருக்கின்றன. கிம் பிழைத்து வளர்ந்து, 2011-ல் காலமானார். எவன்ஸ் 2022 வரை, 97 வயது வரை வாழ்ந்தார்.

நோயுற்ற குழந்தைகளின் வீட்டுக்கு பர்கர் கடைக் கோமாளியின் பெயரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிப்பதில் நியாயமும் உண்டு. ஆனால் நம் ஊரில் ட்யூப்லைட்டில்கூட 'உபயம்' எழுதி வெளிச்சத்தையே மறைக்கிறவர்கள் நாம். அந்த விஷயத்தில் அமெரிக்கர்களைக் கேலி செய்ய நமக்கு அருகதை குறைவு. நான் இந்தக் கதையில் கவனிப்பது வேறொன்று. பணம் ஒரு பெரிய காசோலையாக மட்டும் வரவில்லை. பால் குடித்த ஆயிரக்கணக்கான பேரிடமிருந்து சில்லறையாக வந்தது. அடுத்த மார்ச்சிலும் கேட்க முடிகிற வழி அது.

துடைப்பம் ஏந்தியவர்

இந்தியாவில் இந்த வேலைக்கு மும்பைதான் மூத்த ஊர். டாடா மெமோரியல் மருத்துவமனை 1941-ல் பரேலில் திறந்ததிலிருந்து நாடு முழுவதும் இருந்து நோயாளிகள் அங்கே வந்து குவிகிறார்கள். சுற்றுப்புற நடைபாதைகளில் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் குடும்பங்கள் வாழ்கின்றன. பக்கத்து தாதரில் காட்கே மகாராஜ் பெயரில் உள்ள தர்மசாலை, மிகக் குறைந்த கட்டணத்தில் அந்த நோயாளிகளுக்கு இடம் தருகிறது. காட்கே மகாராஜ் (1876–1956) கையில் துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தெருவைக் கூட்டிவிட்டு, இரவில் கீர்த்தனை பாடியவர். ஊர்க்காரர்கள் கொடுத்த பணத்தை பண்டரிபுரத்திலும் நாசிக்கிலும் தர்மசாலைகளாக மாற்றினார். எழுத்தறிவில்லாத அந்த மனிதர் தன் குடும்பத்துக்கு எதையும் எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்தார். கட்டியவர் போனபிறகும் தர்மசாலை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே மும்பையில் 2006-ல், ஷ்யாமா, நிஹால் கவிரத்னே தம்பதி தொடங்கிய 'செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ்' குழந்தைப் புற்றுநோயாளிகளின் குடும்பங்களுக்கு மட்டும் இலவச இடம் தருகிறது. ஒரு கட்டடத்தில் சில குடும்பங்களோடு தொடங்கியவர்கள் இன்று சென்னை, வேலூர் உட்படப் பல நகரங்களில் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லோருக்கும் பொதுவான சமையல்கட்டு. சமைத்த சாப்பாட்டை வரிசையில் நின்று வாங்கவேண்டியதில்லை. அம்மாவே தன் ஊர் ருசியில் சமைத்துக் கொடுக்கலாம். கீமோ ஏற்றிய குழந்தைக்கு வாய் கசக்கும்போது அம்மா வைத்த ரசம்தான் கொஞ்சம் இறங்கும். குடிசையிலிருந்து வந்த குடும்பமாக இருந்தாலும் சுத்த விதிகள் கண்டிப்பானவை. கிருமி விஷயத்தில் தாட்சண்யம் பார்த்தால் அங்கே தங்குவதில் பொருள் இல்லை.

சென்னை மாநகராட்சியும் சில அரசு மருத்துவமனை வளாகங்களில் உடனிருப்போருக்கான காப்பகங்களை நடத்துகிறது. அம்மா உணவகங்களை மருத்துவமனைகளுக்குள் திறந்தது, இந்த மக்களுக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிடைத்த பெரிய நிம்மதிகளில் ஒன்று. கட்சி பேதம் பார்க்காமல் சொல்லவேண்டிய விஷயம் இது. ஆனால் தேவைக்கு முன்னால் இருப்பது கைப்பிடி அளவு. ஆகவே விரிவாக்கம் தேவை. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. எதை விரிப்பது என்பதில்தான் பேச்சு.

விளக்கும் ஆடும்

கட்டுவதோடு நடத்தவும் வழி செய்யும் பழக்கம் நம்மிடம் பழையது. ராஜராஜன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைக்க நினைத்தவர், விளக்கை வாங்கி வைத்துவிட்டுப் போய்விட முடியாது. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு தரவேண்டும். அந்த ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டவேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்வது இதைத்தான். யார் கொடுத்தார், யார் மேய்க்கிறார், எவ்வளவு நெய் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது.

காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டு. அங்கே இருந்த ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையில் 15 படுக்கைகள். கல்வெட்டு கட்டடத்தின் அழகை வருணிக்கவில்லை. மருத்துவருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை பறித்து வருபவர்களுக்கும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்களுக்கும் எவ்வளவு, விளக்கெரிக்க எவ்வளவு என்று பட்டியல் போடுகிறது.

தஞ்சை மராட்டியரின் சத்திரங்களும் அப்படித்தான் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் வயல்கள், கிராமங்கள். ஆங்கிலேயர் அவற்றில் கைவைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, சத்திரங்களில் நடக்கும் தருமங்களை விவரித்து 1801-ல் சரபோஜி மன்னர் கடிதம் எழுதினார். வழிப்போக்கர் நோயில் விழுந்தால் குணமாகும் வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்துக் கவனிப்பதும் அந்தப் பட்டியலில் வருகிறது. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அன்னதானம் நின்றுவிட்டது, பிற்காலத்தில் மாணவர் விடுதியாக அது பயன்பட்டது. வருமானம் தந்த நிலம் கைவிட்டுப் போனால் சத்திரம் கட்டடமாக மட்டும் மிஞ்சும்.

சென்னையில் நேர்மாறான உதாரணம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். முதலில் கஞ்சி வந்தது; அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

480 ரூபாய்

இனி இன்றைய கணக்கு. இருபது அறை, அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கு ஆளுக்கு நாளுக்கு 100 ரூபாய் சாப்பாட்டுச் செலவு என்றால் ஆண்டுக்கு 14.6 லட்சம். காவலாளி, மேற்பார்வையாளர், தினம் இரண்டு வேளை தரை துடைக்கிறவர்கள், வெள்ளாவி வைத்தாற்போல வெளுத்து வரவேண்டிய படுக்கை விரிப்புகள், மின்சாரம், கோடையில் தண்ணீர் லாரி, மருத்துவமனைக்குப் போய்வர ஒரு வேன், அதற்கு டிரைவர். எல்லாம் சேர்த்து 35 லட்சம் என்பது ஆடம்பரக் கணக்கு அல்ல. இதைத் தொடர்ந்து வட்டியிலிருந்தே எடுப்பதென்றால், 7 சதவீத வட்டிக்கு 5 கோடி ரூபாய் வங்கியில் கிடக்கவேண்டும். கட்டுகிற செலவைவிட நடத்துகிற செலவுக்கான முதல் பெரிதாகிவிடுகிறது. நன்கொடைக் கடிதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தொகையைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அறக்கட்டளைகளை மட்டும் குறை சொல்வதும் தப்பு. கேட்டால்தானே கிடைக்கும், எதைக் கேட்டால் கிடைக்கிறதோ அதைத்தான் கேட்பார்கள். 2014 முதல் நடைமுறையில் உள்ள சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது. ஆனால் தொடர்திட்டம் என்று காட்டினாலும், தொடங்கிய ஆண்டு போக மூன்று நிதியாண்டுகள்தான் கணக்கு. 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அறக்கட்டளையின் நிரந்தர முதலுக்குப் பணம் தந்தால் அது சி.எஸ்.ஆர். செலவாக ஏற்கப்படாது. பணம் எங்கோ பதுங்கிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் போட்ட விதிதான். விளைவு என்னவென்றால், நிறுவனம் விளக்கு வாங்கித் தரலாம், ஆடு வாங்கித் தர முடியாது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் நான்காம் ஆண்டில் வேறு ஊரில் வேறு ரிப்பன் வெட்டிக்கொண்டிருப்பார். இங்கே மேல்மாடியைப் பூட்டி வைத்திருப்பார்கள்.

இணையத்தில் நிதி திரட்டும் தளங்களும் இதற்கு உதவுவதில்லை. மூக்கில் குழாய் சொருகிய குழந்தையின் படத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறது. 'ஆறு மாதம் தங்க வாடகை வேண்டும்' என்ற வேண்டுகோளுக்கு யார் விரல் நிற்கப் போகிறது? உயிர் ஊசலாடும் படம் இல்லையென்றால் பணம் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தப் போட்டியில் ஒரு பாயும் தலையணையும் ஜெயிக்காது.

ஆகவே நடத்தும் செலவு ஊராரிடமிருந்துதான் வந்தாகவேண்டும். அதற்கு நம்மிடம் பழக்கமும் இருக்கிறது. அப்பாவின் திதிக்கும் மகளின் பிறந்தநாளுக்கும் முதியோர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடாத நடுத்தரக் குடும்பம் அபூர்வம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து ஒரே பகலில் லட்சங்களைத் திரட்டுகிறார்கள். அது திருப்பிச் செய்யவேண்டிய கடன், தானம் அல்ல. ஆனாலும் ஊர் கூடிச் சின்னத் தொகைகளைப் பெருக்கும் கலை அங்கே யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதியோர் இல்லத்துக்கும் அநாதை இல்லத்துக்கும் போகும் அந்தப் பிறந்தநாள் பணம் நோயாளிக் குடும்பங்களின் பக்கம் வராததற்கு ஒரே காரணம், அப்படி ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாததுதான்.

அரசிடம் பணத்தைவிட நிலத்தைக் கேட்கலாம். நடந்து போகிற தூரத்தில் இல்லாத தங்குமிடம் பாதிப் பயன்தான். பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் எந்த அறக்கட்டளையாலும் இன்று மனை வாங்க முடியாது. அரசு மருத்துவமனை வளாகங்களில் இடிக்கக் காத்திருக்கும் பழைய கட்டடங்களும் ஒதுக்குப்புறக் காலி இடங்களும் இருக்கின்றன. அவற்றை நீண்டகாலக் குத்தகைக்குத் தந்தால், சுவர் எழுப்ப சி.எஸ்.ஆர். பணம் இருக்கவே இருக்கிறது. யாருக்கு இடம் என்பதை மருத்துவமனையின் கடிதம் முடிவு செய்யட்டும். கவுன்சிலரின் போனோ வாசலில் நிற்கும் புரோக்கரோ அல்ல. இலவச அறைக்கு 'சாவிக் காசு' கேட்கிற ஆட்கள் முளைக்க ஒரு மாதம் போதும்.

விரிவாக்கக் குழுக்களுக்கு ஒரு யோசனை. அந்த 35 லட்சத்தை இருபது அறையால் வகுத்தால், ஓர் அறைக்கு ஆண்டுக்கு 1.75 லட்சம். நாளுக்கு ஏறத்தாழ 480 ரூபாய். சென்னையில் ஒரு கல்யாணப் பந்தியில் ஓர் இலைக்குக் கேட்டரிங்காரர் போடும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'கட்டட நிதி' என்று அச்சடித்த ரசீதுப் புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு, 'ஒரு குடும்பம், ஒரு நாள், ரூ.480' என்று புதிதாக அச்சடிக்கச் சொல்லுங்கள். இருக்கிற அறைகளுக்கே ஆண்டின் 365 நாளுக்கும் நன்கொடையாளர்கள் கிடைத்துவிட்டார்கள் என்றால், அப்புறம் இருபத்தோராவது அறைக்கு வானம் தோண்டலாம். நன்கொடை தருகிறவர்களும் புது மாடியின் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் போன ஆண்டின் அரிசி பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது என்பதால், அதற்கு மேற்பட்ட தொகையைக் காசோலையாகவோ யு.பி.ஐ. வழியாகவோ தருவது நல்லது.